வயதை மட்டும் படித்தேன்

காலையில் பேப்பர் வந்ததும் முதலில் எந்தப் பக்கத்தைத் திருப்புகிறீர்கள் என்று கேட்டால் அறுபதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எனக்கு முதலில் இரங்கல் விளம்பரங்கள்தான். தலைப்புச் செய்தி, தங்கம் விலை, கிரிக்கெட் எல்லாம் அதற்கப்புறம். வீட்டில் என் மனைவி இதற்கென்றே ஒரு வசனம் வைத்திருக்கிறாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு காபிக்குக் கை நீட்டினால், "எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தாச்சா? குளிச்சிட்டு வாங்க, தரேன்" என்பாள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று நன்றாக நினைவிருக்கிறது. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். என்னோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர் மாற்றலாகி சேலம் போய்விட்டார். அவர் இறந்துபோனதை டீக்கடையில், வடை கட்டிக் கொடுத்த பேப்பரில் பார்த்தேன். மூன்று நாள் பழைய பேப்பர். எடுத்து, எரித்து, பால் தெளித்தும் முடிந்திருக்கும். எண்ணெய்க் கறை அவர் முகத்தில் பரவியிருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி ஒரு சாவையும் தவறவிடக் கூடாது என்று. ஆரம்பத்தில் காரணம் அவ்வளவுதான், துக்கம் கேட்கப் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. போகப் போக அது வேறு ஒன்றாக மாறிவிட்டது.

வேறு ஒன்று என்றால், கணக்கு. கணக்குப் பிரிவுக்காரன் புத்தி. படத்துக்குக் கீழே வயது போட்டிருப்பார்கள். 86, 79, 91 என்றால் மனம் நிம்மதியாக நகர்ந்துவிடும். 61 என்று இருந்தால் ஒரு நிமிஷம் நிற்கும். என்னைவிட ரெண்டு வயது மூத்தவர் என்றால் 'எனக்கு ரெண்டு வருஷம்' என்று ஒரு கழித்தல் தானாக ஓடும். என்னைவிடச் சின்னவர் என்றால் 'திடீர் மாரடைப்பால்' என்று போட்டிருக்கிறார்களா என்று தேடுவேன். இருந்தால் அன்றைக்கு மட்டும் நடைப்பயிற்சி ஒரு சுற்று கூடும். சிரிக்க வேண்டாம், உங்களில் பலரும் இதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

திருச்சியில் இருப்பவனுக்கு இந்தப் பக்கம் ஒரு தனி சுவாரசியம். ஒரே பக்கத்தில் ஒருவர் 'இயற்கை எய்தினார்', அவர் பகுத்தறிவுக் குடும்பம். பக்கத்தில் ஒருவர் 'சிவலோக பதவி அடைந்தார்'. ஸ்ரீரங்கத்துக்காரர் 'ஆசார்யன் திருவடி அடைந்தார்'. பாலக்கரை பக்கம் ஒருவர் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. இன்னொருவர் 'வஃபாத்தானார்கள்', ஜனாஸா எத்தனை மணிக்கு எந்தப் பள்ளிவாசலில் என்று கீழே இருக்கும். ஒரு ஊரின் மக்கள்தொகைக் கணக்கே அந்தக் கால் பக்கத்தில் கிடைத்துவிடும். இதையெல்லாம் ரசித்துப் படித்தேன். படிக்க வேண்டியதைத்தான் படிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்கதை.

எங்கக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஆதாரில் ஒரு நீளமான பெயர் உண்டு. ஆனால் தெருவுக்கே அவள் பாப்பா, எழுபது வயதிலும் பாப்பா. குழந்தை இல்லை. அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுவேன், போக்குவரத்துக் கழகத்தில் இருந்தவர், 2009இல் போய்விட்டார். அதற்கப்புறம் உறையூரில் தனியாக இருந்தாள். கடைசி நாலு வருஷம் சர்க்கரை, கால் புண் என்று ஒவ்வொன்றாக வந்ததும் எங்கள் வீட்டு மாடிக்கே கூட்டிவந்துவிட்டோம். 2023 நவம்பரில் ஒரு விடியற்காலை நாலு மணிக்கு, தூக்கத்திலேயே போய்விட்டாள். என் பிள்ளைகள் இருவரும் வெளியூர். மனைவிக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். ஆக, ஓடியது முழுக்க நான் ஒருத்தன்.

வீட்டில் இறந்தால் முதலில் டாக்டர் சான்று வேண்டும். இது எனக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ்காரர்தான் சொன்னார், அது இல்லாமல் மயானத்தில் எடுக்க மாட்டார்கள் என்று. வழக்கமாகப் பார்த்த டாக்டர் காலை பத்து மணிக்குத்தான் வருவார். அதுவரை ஐஸ் பெட்டிக்குச் சொல்லி, மாலைக்குச் சொல்லி, உட்கார்ந்திருந்தோம். ஒன்று சொல்கிறேன், வீட்டில் நாட்பட்ட நோயாளி இருந்தால், அவரைத் தொடர்ந்து பார்த்துவரும் டாக்டர் ஒருவர் இருக்க வேண்டும், அவருடைய செல் நம்பரும் கையில் இருக்க வேண்டும், பழைய சீட்டுகள் ஒரு பையில் இருக்க வேண்டும். பார்த்தே இராத டாக்டர் எழுதித் தர மாட்டார், தரவும் கூடாது. அவர் தரும் சான்று, ஆதார் நகல் ரெண்டு, மயானத்தில் கொடுக்கும் ரசீது, இந்த மூன்றையும் வைத்துத்தான் மாநகராட்சியில் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், வருஷத்தைத் தாண்டினால் பெரிய அலைச்சல். பதிவானதும் சான்றிதழை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நான் பத்து நகல் எடுத்தேன், பதினாறு தேவைப்பட்டது.

மயானத்துக்குக் கிளம்பும் முன்னாலேயே பேப்பருக்கு விளம்பரம் எழுதினேன். வருஷக்கணக்கில் தினமும் படித்தவன், எழுத எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. விளம்பர ஏஜென்ட் வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னார். ஆதாரில் இருந்த நீளப் பெயரை எழுதினேன். மாமா பெயர், 'லேட்' சேர்த்து. வயது 71. ஓயாமரி மயானத்தில் மாலை நாலு மணிக்கு நல்லடக்கம் என்று எழுதிவிட்டு, எரிக்கத்தானே போகிறோம் என்று 'தகனம்' என மாற்றினேன். காலைப் பேப்பர் அடுத்த நாள்தானே வரும், நேரம் போட்டு என்ன பயன் என்பது அனுப்பின பிறகுதான் உறைத்தது. கடைசியில் தொடர்புக்கு என்று என் செல் நம்பர். கலர்ப் படத்தோடு 7,800 ரூபாய். தெருப் பையன்கள் தனியாக ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் அக்கா தபால் தலை அளவுக்கு இருந்தாள், அஞ்சலி செலுத்தியவர்கள் ஆளுக்கு ஒரு அடி. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாடையைத் தூக்கியதும் அவர்கள்தான்.

இந்த விளம்பரத்தில் நான் செய்த தப்பு ரெண்டு. முதல் தப்பு ஒரே மாதத்தில் தெரிந்தது, ரெண்டாவது தெரிய பத்து மாதம் ஆனது.

முதல் தப்பு செல் நம்பர். காரியம் முடிந்த மறுநாள் ஒருத்தன் போன் செய்தான். நல்ல தமிழ், மரியாதையான குரல். அக்கா பெயரை முழுதாகச் சொன்னான், மாமா பெயரைச் சொன்னான், இறந்த தேதி சொன்னான். மாமா போட்டிருந்த பழைய பாலிசி ஒன்று நிலுவையில் இருக்கிறது, போனஸோடு 2,12,000 வருகிறது, நாமினியும் தவறிவிட்டதால் அடுத்த உறவினருக்கு மாற்ற ஜிஎஸ்டியும் கோப்புக் கட்டணமும் கட்ட வேண்டும் என்றான். அவன் சொன்ன எல்லாமே விளம்பரத்தில் நான் எழுதியதுதான். பணம் கொடுத்துப் பேப்பரில் போட்டு நானே அவனுக்குத் தெரிவித்திருக்கிறேன். அது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. முப்பத்தைந்து வருஷம் வவுச்சர் பார்த்து கையெழுத்துப் போட்டவன், ரெண்டு தவணையாக 18,500 அனுப்பினேன். மூன்றாவது தவணை கேட்டபோதுதான் வயிற்றில் கல் விழுந்தது. வெட்கத்தில் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம்தான் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் செய்தேன். அந்த எண்ணுக்கு உடனே, பணம் போன ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் அந்தப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. மூன்று நாளில் அது எங்கேயோ போய்விட்டது. வெட்கத்துக்கு நான் கட்டிய கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவு நடந்த வீட்டில் யாருக்கும் புத்தி நிதானத்தில் இருக்காது, அது இந்த மோசடிக்காரர்களுக்குத் தெரியும். நம்பர் போட்டே ஆக வேண்டுமென்றால் துக்கத்தில் இல்லாத யாராவது ஒருவருடைய நம்பரைப் போடுங்கள், பக்கத்து வீட்டுப் பையன், அலுவலக நண்பர். வீட்டு முழு முகவரியையும் எல்லோரும் மயானத்துக்குக் கிளம்பும் நேரத்தையும் சேர்த்துப் போடுவதும் அப்படித்தான். பூட்டின வீட்டுக்கு அது நாமே வைக்கும் அழைப்பு.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன். அக்காவுக்கு மூன்று எஃப்டி இருந்தது, மொத்தம் 7,40,000. மாமாவின் ஓய்வுப் பணம்தான் அது, வட்டியோடு புதுப்பித்துப் புதுப்பித்து வந்தது. அவளுக்கு ஆஸ்பத்திரி, மருந்து, காரியம் என்று நான் செலவழித்தது ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். எஃப்டி இருக்கிறதே, எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் செய்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், மிச்சமும் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். கூடப் பிறந்தவன், பார்த்துக்கொண்டவன், வேறு யார் இருக்கிறார்கள்?

வங்கியில் ரசீதைப் பார்த்த அம்மா நல்ல மாதிரி. "சார், நாமினி யாருன்னு பாத்தீங்களா?" என்றார். நாமினி மாமா. 2009இல் இறந்தவர். அதற்கப்புறம் ஏழெட்டு தடவை எஃப்டியைப் புதுப்பித்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போயிருக்கிறேன், அந்த ஒரு வரியை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அதோடு இன்னொன்று. வங்கிக் கணக்கில் அப்பா இனிஷியல், ஆதாரிலும் இறப்புச் சான்றிதழிலும் மாமா இனிஷியல். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. அது சின்ன வேலை, 600 ரூபாயில் முடிந்தது. உங்கள் வீட்டில் கல்யாணமான பெண்களின் கணக்கை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், பாதியில் இந்தக் கோளாறு இருக்கும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் எழுதிப் போட்டால், கணவர் இல்லை, பிள்ளை இல்லை, நேர் வாரிசு இல்லாததால் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று திருப்பிவிட்டார்கள்.

முதலில் போன வக்கீல், தம்பிதானே வாரிசு, ஒன்றும் பிரச்சினை இல்லை என்று 12,000 வாங்கிக்கொண்டு மனுப் போட்டார். மனு திரும்பி வந்தது. கணவர் வழி உறவினர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் இல்லை என்று எழுதியிருந்தது. ரெண்டாவதாகப் போன வக்கீல் அம்மாதான் எனக்குச் சட்டத்தை விளக்கினார். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம், 15ஆவது பிரிவு. உயில் எழுதாமல் இறந்த பெண்ணுக்குப் பிள்ளைகளும் கணவரும் இல்லையென்றால், அவள் சொத்து கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவள் சொந்தமாகச் சம்பாதித்ததுகூட முதலில் அந்தப் பக்கம்தான் போகும், பெற்ற தாய் தகப்பனுக்கே அதற்கப்புறம்தான் முறை. அம்மா அப்பாவிடமிருந்து வாரிசுப் பங்காக வந்தது மட்டும் அப்பா வழிக்குத் திரும்பும். ஆக, அப்பாவின் பங்காக அவளுக்கு வந்த 900 சதுர அடி மனை எங்கள் பக்கம். எஃப்டி முழுக்க மாமா பக்கம். எனக்கு அதில் ஒரு பைசா கிடையாது. மனுவில் நெருங்கிய உறவினர்களின் பெயரும் முகவரியும் கட்டாயம் தர வேண்டும், தேடிக் கண்டுபிடியுங்கள் என்றார் அந்த அம்மா.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. நாலு வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போட்டது நாங்கள், ஒரு தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காதவர்களுக்கு நான் போய்ப் பணத்தைக் கொடுக்க வேண்டுமா? அப்படியே விட்டுவிடலாம், யாருக்கும் கிடைக்காமல் வங்கியிலேயே கிடக்கட்டும் என்றுகூட நினைத்தேன். பத்து வருஷம் யாரும் கேட்காவிட்டால் அது ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்படிப் போனவற்றைத் தேடத்தான் உத்கம் என்று ஒரு இணையதளம் 2023இல் வந்தது. அந்த வீம்பு ரெண்டு நாள் இருந்தது. இதில் என்னை அதிகம் குத்தியது வேறு. இறப்பதற்கு ரெண்டு வருஷம் முன்னால், கால் புண் முற்றிக் கிடந்தபோது அக்காவே கேட்டாள், "தம்பி, ஏதாவது எழுதி வச்சிரட்டுமா?" என்று. நான்தான், "இப்ப என்ன அவசரம், உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். பாசத்தில் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில், பணத்துக்கு அலைகிறான் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, எழுதியவர் கையெழுத்துப் போட்டு, ரெண்டு சாட்சி கையெழுத்துப் போட்டால் போதும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. பயன் பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். ஒரு பக்கக் காகிதம். ஒரு வெட்கத்தில் அதை நான் வேண்டாம் என்றேன்.

சரி, மாமா வழி ஆட்களைத் தேட வேண்டும். மாமாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தங்கை என்று தெரியும். அண்ணன் கர்நாடகாவில் பத்ராவதி இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். தங்கையோடு அக்காவுக்கு ஏதோ நகை விஷயத்தில் சண்டை, இருபது வருஷமாகப் பேச்சு கிடையாது. எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. 2009இல் மாமா இறந்தபோது பேப்பரில் போட்ட விளம்பரத்தில் எல்லோர் பெயரும் இருக்குமே என்று அக்காவின் பெட்டியைக் குடைந்தேன். பழைய துணிகளுக்கு அடியில் கத்தரித்து வைத்திருந்தாள், மடிப்பில் கிழிந்து, மஞ்சளாகி. எடுத்துப் பார்த்தால் 'மனைவி, மைத்துனர் மற்றும் உறவினர்கள்' என்று மட்டும் இருந்தது. பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அந்த விளம்பரத்தை எழுதியது நான். மாமாவின் சித்தப்பா ஒருவர் அண்ணன், தங்கை, அண்ணன் பிள்ளைகள், ஊர் எல்லாம் சேர்த்து நீளமாக எழுதித் தந்தார். வரிக்கு வரி காசு, எதற்கு இத்தனை பெயர் என்று பேனாவை எடுத்து நான்தான் அடித்தேன். மிச்சப்படுத்தியது அறுநூறு, அறுநூற்றைம்பது ரூபாய் இருக்கும். வீட்டுக்காக நல்லது செய்ததாக அன்றைக்குப் பெருமை வேறு.

பத்ராவதிக்கு ரெண்டு தடவை போனேன். பெங்களூர் போய் வண்டி மாறி ஒரு ராத்திரி பயணம். அங்கே தமிழர்கள் நிறைய, விசாரிக்கக் கஷ்டமில்லை. ஆனால் ஆலைக் குடியிருப்பில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. "அவர் ரிட்டயர் ஆகி ஊர்ப் பக்கமே போயிட்டாருங்க" என்றார் ஒரு மளிகைக்கடைக்காரர். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. போக வர, தங்க, சாப்பிட 9,000 ரூபாய். முதுகு வலி தனி.

கடைசியில் அது கிடைத்தது ரேஷன் கார்டு வைத்திருந்த மஞ்சள் பையில். மாமாவின் கருமாதிப் பத்திரிகை. அதே சித்தப்பா, பேப்பரில்தான் இவன் அடித்துவிட்டானே என்று நினைத்தாரோ என்னவோ, பத்திரிகையில் ஒருத்தர் விடாமல் அச்சடித்திருந்தார். அண்ணன், அண்ணன் மகன்கள் ரெண்டு பேர், தங்கை, தங்கை மாப்பிள்ளை, ஊர், சிலருக்கு வேலை செய்யும் இடம்கூட. அண்ணனின் மூத்த மகன் பெயருக்கு எதிரே, பொன்மலை ரயில்வே பணிமனை. நான் பத்ராவதியில் தேடிக்கொண்டிருந்த குடும்பம் என் வீட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் இருந்திருக்கிறது. 2009இல் அந்தப் பையன் காரியத்துக்கு வந்திருப்பான், நானே அவனுக்கு இலை போட்டிருப்பேன்.

பொன்மலையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். ஓய்வு பெறப் போகும் வயது. என்னை அடையாளம் தெரிந்ததும், "உள்ள வாங்க மாமா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "சித்தி போயிட்டாங்களா? எப்ப? நான் தினம் பேப்பர் பாக்கறவன் மாமா, எப்படி விட்டேன்?" என்றான். அவன் விடவில்லை. என் செல்லில் இருந்த விளம்பரத்தைக் காட்டினேன். "இத நான் பாத்தேனே. இவங்கன்னு தெரியல மாமா. எங்களுக்கு பாப்பா சித்தின்னுதான் தெரியும். போட்டோவும் சின்ன வயசுப் போட்டோவா இருக்கு." ஆதார்ப் பெயர் வங்கிக்குத்தான் தேவை, மனிதர்களுக்குக் கூப்பிட்ட பெயர்தான் தேவை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரெண்டாவது தப்பு இதுதான். 'பாப்பா என்கிற' என்று ரெண்டு சொல் சேர்த்திருந்தால் அன்றைக்கே அவன் வந்து நின்றிருப்பான். போடுவதானால் பெரிய பெயர், கூப்பிடும் பெயர், தெரு, முன்பு வேலை செய்த இடம், கூடப் பிறந்தவர்கள் பெயர், எல்லாம் போடுங்கள். படம் கடைசி ஐந்தாறு வருஷத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும்.

அவன் அப்பா, அதாவது மாமாவின் அண்ணன், எங்கே என்று கேட்டேன். "அப்பா 2019லயே தவறிட்டாரு மாமா. பேப்பர்ல போட்டிருந்தோமே, படத்தோட. நீங்க பாக்கலியா?"

2019இல் நான் ஓய்வு பெற்று ரெண்டு வருஷம். ஒரு நாள் தவறாமல் அந்தப் பக்கத்தைப் படித்த காலம். பார்த்திருப்பேன். 78 வயது என்று பார்த்திருப்பேன், நிம்மதியாக அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பேன். அவனிடம் என்ன சொல்வது? தண்ணீர் கேட்டேன்.

அதற்கப்புறம் சட்டத்தில் இன்னொரு திருப்பம் இருந்தது. கணவரின் வாரிசுகள் யார் என்பதை, அக்கா இறந்த நாளை வைத்து, அன்றைக்கு மாமா இறந்திருந்தால் யார் வாரிசோ அவர்கள் என்று பார்ப்பார்களாம். மனைவி, பிள்ளை, தாய், தகப்பன் யாரும் இல்லாதபோது சகோதரனும் சகோதரியும் ஒரே வரிசை. அண்ணன் முன்பே இறந்துவிட்டதாலும், தங்கை உயிரோடு இருப்பதாலும், அண்ணன் மகன்களுக்கு ஒன்றும் இல்லை. மொத்தமும் தங்கைக்கு. இருபது வருஷமாக அக்கா யார் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாளோ அந்த நாத்தனாருக்கு. பொன்மலைப் பையன்தான் கரூருக்கு என்னைக் கூட்டிப்போனான். அந்த அம்மாவுக்கு 76 வயது, காது மந்தம். செய்தியைக் கேட்டு அழுதார். பணத்தைச் சொன்னபோது, "எனக்கு எதுக்குப்பா, பாத்துக்கிட்டவன் நீ, நீயே வச்சுக்க" என்றார். அவர் மகள் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவர்கள் வீட்டிலும் ஆஸ்பத்திரிச் செலவு ஓடிக்கொண்டிருந்தது. நாலு தடவை போய்ப் பேசினோம். ரசீது இருக்கும் செலவை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள் என்று முடிவானது. என்னிடம் 1,08,000 ரூபாய்க்குத்தான் ரசீது இருந்தது. மருந்துக்கடையில் பில் வாங்காமல் வந்தது, காரியத்துக்குக் கையில் கொடுத்தது எல்லாம் போனது போனதுதான். உடன்பிறந்தவர்களுக்குச் செய்யும்போது கணக்கு வைப்பது அசிங்கம் என்று நமக்கு ஒரு எண்ணம். பில்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், யாரிடமும் காட்டக்கூட வேண்டாம்.

அந்த அம்மா பேரில் புது மனு, கோர்ட் கட்டணம், வக்கீல், பேப்பரில் கோர்ட் அறிவிப்பு எல்லாம் சேர்த்து 41,000. அதில் பாதி அவர்கள் கொடுத்தார்கள். வாரிசுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்து வங்கியில் பணம் விடுவிக்கும்போது அக்கா இறந்து பதினாலு மாதம். இப்போது விதிகள் கொஞ்சம் இளகியிருக்கின்றன. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, நாமினி இல்லாவிட்டாலும் வணிக வங்கியில் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, வாரிசுகளுக்குள் தகராறு இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போகாமல் எளிய முறையில் முடித்துத் தர வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம், ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்று வரிசையாகவும் போடலாம். அக்காவுக்கு இது இருந்திருந்தால் பாதி அலைச்சல் இல்லை. ஆனாலும் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கைதான், சொத்துக்காரர் ஆகிவிட மாட்டார். உயில் வேறு, நாமினி வேறு. ரெண்டையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், முக்கியமாகக் குழந்தை இல்லாத அக்கா, அத்தை, சித்தி யாராவது வீட்டில் இருந்தால். கேட்கத்தான் கூச்சமாக இருக்கும். என்னைப் போல வாயை மூடாதீர்கள்.

பேப்பர் படிப்பதை நான் விடவில்லை. படிக்கும் முறைதான் மாறிவிட்டது. இப்போது முதலில் 'தகவல்' என்று கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கிறேன். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது, மருமகள் பெயருக்குப் பக்கத்தில் எந்த ஊர். தெரிந்த பெயர் என்று சந்தேகம் வந்தால் உடனே ஒரு போன். போன வருஷம் அப்படி ரெண்டு சாவு வீட்டுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். ஒன்றில் ஆள் வேறு, பெயர் மட்டும் அதே. வந்ததற்கு அவர்கள் காபி கொடுத்தார்கள், உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

எனக்கான விளம்பரத்தையும் எழுதி பீரோவில் உயிலோடு வைத்துவிட்டேன். இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டு, மயானம், கூப்பிடும் பெயர், மின்வாரியம், நம்பருக்கு மாப்பிள்ளையின் அலுவலக நண்பர், எல்லாம் சரியாக. மனைவியிடம் படித்துப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படித்தாள். "எல்லார் பேரும் இருக்கு. எனக்கு மட்டும் 'மனைவி'ன்னு போட்டிருக்கீங்க, பேரு எங்க?" என்றாள்.

பேனாவை எடுத்து எழுதினேன். ஒரு வரி கூடிவிட்டது.